செண்பகவல்லி பேசுறேன்

அந்த இணைய முகவரி செண்பகவல்லியின் பெயரிலேயே இருந்தது. அவள் காய்ச்சிய கூந்தல் தைலத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான். விற்பனைக்குத் தனிச் செயலி வந்த பிறகு மருமகன் கிருபாகரன், "இப்ப யாரு அத்தை பேரை அடிச்சுத் தேடுறா? எல்லாரும் ஆப்புலதான வாங்குறாங்க" என்றான். ஆண்டுக் கட்டணம் கட்டி முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருத்தி அவளை அடையாளம் கண்டு சிரித்தாள். "எண்ணெய் நேத்தே வந்துடுச்சுக்கா. போன்ல எவ்வளவு பொறுமையாப் பேசுனீங்க."

செண்பகவல்லி அவளிடம் பேசியதே இல்லை. "எதுலம்மா வாங்குன?"

"பழைய பாட்டில்ல போட்டிருந்த அட்ரஸ்லதான்."

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் அந்த முகவரியை அடித்தாள். திறந்தது. அவளுடைய படமே சிரித்தது. கீழே இருந்த எண் மட்டும் அவளுடையதல்ல. ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள்.

"சொல்லுங்கம்மா, செண்பகவல்லி பேசுறேன்."

அவள் குரலேதான். பேசி முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொள்ளும் அவளுடைய பழக்கம்கூட அப்படியே இருந்தது. அதற்கும் பின்னால், தூரத்தில், "அத்தை, எண்ணெய் காஞ்சிடுச்சு" என்று கிருபாகரன் கூப்பிடுவது கேட்டது. கிருபாகரன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவே இல்லை.

"நீங்க யாரு பேசுறீங்க?" என்று அந்தக் குரல் கேட்டது.

எதிரில் இருந்த கிருபாகரன் மெல்லத் தலையைத் தூக்கினான். தனக்கும் அந்தப் பதில் தெரிந்தாக வேண்டும் என்பதுபோல செண்பகவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தான்.