முதல் உணர்வு நேரலை

ரெஜினா கழுத்தில் உணர்வுப் பட்டையை ஒட்டிக்கொண்டாள். செய்தியாளர் உணர்வதை, வீட்டில் அதே பட்டையோடு பார்ப்பவர்களும் அப்படியே உணரப்போகும் முதல் நேரலை அது. பேருந்து நிலையத்தில் கலவரம் தொடங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

"மேடம், வேற ஒரு சேனலும் வரல. நாம மட்டுந்தான்!" என்று கத்தினான் கேமராமேன் சபாபதி.

அவளுக்குக் கைகால் பரபரத்தது. கற்கள் பறந்தன, பழக்கடை எரிந்தது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் அவள் கண்ணெதிரிலேயே வெட்டுப்பட்டுச் சாய்ந்தார். குரலைத் தழுதழுக்கவிட்டு அதைச் சொன்னாள். நெஞ்சுக்குள் மேளம் கொட்டியது.

"பின்னிட்ட ரெஜினா! நாப்பது லட்சம் பேரு பாக்குறாங்க, ஒருத்தர்கூட சேனல மாத்தல!" என்று காதுக்குள் செய்தி ஆசிரியர் துள்ளினார்.

மறுநாள் அவளே நீலச் சட்டைக்காரரின் வீட்டுக்குப் பேட்டி எடுக்கப் போனாள். அவருடைய மனைவி மைக்கைத் தள்ளிவிட்டு, தன் கழுத்திலிருந்த பட்டையைப் பிய்த்து ரெஜினாவின் கையில் வைத்தாள்.

"அவரு விழுந்தத உங்க சேனல்லதாம்மா பாத்தேன். அப்ப எனக்கு ஏன் அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு?"