இறங்குவதற்கு ஒரு பாட்டு

விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்று வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வாங்கிய சூசையப்பனுக்கு ஜாஸ் என்றால் உயிர். மூடுபனி இறங்கினால் வாசலில் ஒலிபெருக்கியை வைத்து டிரம்பெட் இசைத்தட்டைப் போட்டுவிடுவார். "பனியில கண்ணு பொய் சொல்லும், இன்பம். காதுதான் வழி காட்டும்" என்பார் மனைவியிடம். காய் எடுக்கும் பெண்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே சரிவில் இறங்கி வந்து சேர்வார்கள்.

எழுபத்தாறாம் வருடம் அவர் இறந்தபின் இன்பமேரி அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பாட்டு பிடித்ததே இல்லை.

ஐப்பசியில் ஒரு மதியம் பனி மூடியது. பெண்கள் எல்லோரும் வந்து, முற்றத்தில் கூடைகளை இறக்கிவிட்டுக் பால் விடாத கட்டன் காப்பி குடித்தார்கள். இன்பமேரி இசைத்தட்டிலிருந்து முள்ளைத் தூக்கப் போனாள்.

"இருக்கட்டும்மா. இன்னும் ஒருத்தரு வரணும்லா" என்றாள் அவர்களில் ஒருத்தியான அழகுத்தாய்.

"அதான் எல்லாரும் வந்தாச்சே."

அழகுத்தாய் மேலே பார்த்தாள். பனிக்குள் ஒரு விமானத்தின் இரைச்சல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது தாழ்ந்து வந்தது.

இன்பமேரி முள்ளை அப்படியே விட்டுவிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பிறகு கலைந்திருந்த தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

யாரும் சொல்லாமலே பெண்கள் எழுந்து, கூடைகளைச் சுவரோரம் நகர்த்தி, முற்றத்தைக் காலி செய்துகொடுத்தார்கள்.