ரெஸ்த்

கைப்பேசியில் கணவன் செம்மலின் முகம் தெரிந்ததும், கார்குழலி புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

அவள் பிரெஞ்சு படிப்பது அவனுக்கு இப்போது தெரியக் கூடாது. விசா வரும் நாளில், “கரை தெரியுது!” என்று பிரெஞ்சில் கத்தி அவனைத் திடுக்கிட வைக்க வேண்டும்.

அந்தப் புத்தகம் அவன் பள்ளிக்கூடத்தில் படித்த பழைய சாகச நாவல். நெல்லித்தோப்பு வீட்டில் அவன் விட்டுப்போன அலமாரியில் இருந்த ஒரே பிரெஞ்சுப் புத்தகம். நாளைக்குப் பத்து வார்த்தை என்று ஏழு மாதமாகப் படிக்கிறாள். பாரீஸ் கடையில் தக்காளி கேட்கத் தெரியாது. பாய்மரம், நங்கூரம், பீரங்கி எல்லாம் தெரியும்.

ஒரு வார்த்தை மட்டும் அவளை ஏமாற்றியிருந்தது.

கப்பல் புறப்படுகிறது, ஒரு மாலுமி மட்டும் தீவில் ‘ரெஸ்த்’. பாவம், அசதி, ரெஸ்ட் எடுக்கிறான் போல என்று அகராதியைப் பார்க்காமலே தாண்டிவிட்டாள்.

அடுத்த பக்கத்தில் அவன் சட்டையைக் கழற்றி வீசி வீசிக் காட்டினான். கப்பல் திரும்பவில்லை. அப்புறம்தான் அகராதியைப் புரட்டினாள்.

ரெஸ்த்: அங்கேயே இருந்துவிடுவது.

“காய்ச்சல் எப்பிடி இருக்கு?” என்றான் செம்மல்.

“முந்தாநாளே விட்டுடுச்சிங்க. வீடு என்னாச்சி?”

“இன்னிக்கு கையெழுத்து. அக்காதான் ஃபாரம் எழுதறா.”

கல்யாணமாகிப் பதினான்கு மாதம். தனி வீடு கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாரீஸ் போனவன்.

திரைக்கு வெளியே அவன் அக்கா சிந்துஜாவின் குரல் பிரெஞ்சில் ஏதோ கேட்டது. வேகமான பேச்சு. ‘வீடு’, ‘பேர்’, ‘உன் மனைவி’. அவ்வளவுதான் பிடிபட்டது.

கார்குழலி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

செம்மல் இவளைப் பார்த்துச் சிரித்தபடியே அக்காவுக்குப் பதில் சொன்னான்.

“எல் ரெஸ்த் லா-பா.”

லா-பா, அங்கே. நாவலில் தூரத்துத் தீவைக் காட்டும்போதெல்லாம் வரும்.

அந்தக் கப்பலில் பெண்களே கிடையாது. ‘இல்’, ‘இல்’ என்று எல்லாமே அவன்தான். ‘எல்’, அவள் என்று இன்றுதான் கேட்கிறாள்.

தாளில் அக்காவின் பேனா ஓடும் சத்தம்.

“உன்னப் பத்திதான் கேக்கறா. காய்ச்சக்காரி, அங்கயே ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொன்னேன்,” என்றான். “புரிஞ்சுதா?”

நாவலின் முனை தலையணைக்கு அடியிலிருந்து அவள் விலாவில் குத்தியது.

“எனக்கு எங்கங்க அதெல்லாம் புரியப்போவுது.”

“மண்டு. சரி, டாட்டா காட்டு.”

அவள் கையைத் தூக்கி அசைத்தாள்.

திரை இருண்ட பிறகும் அசைத்துக்கொண்டிருந்தாள்.