சாக்கை அவிழ்க்கிற நாள்

"தூக்கிப் போடு அந்தச் செத்த செடியை!"

"செத்துடுச்சுன்னு சொல்ல நீ என்ன டாக்டரா?"

"ரயில் ஓட்டினவன்தான். ஆனா கட்டையைப் பார்த்தா கட்டைன்னு சொல்லத் தெரியும்!"

"அம்மா, மிஞ்சோ மாமா, ஒரு நிமிஷம்..."

கலோயன் சொன்னதை இருவருமே காதில் வாங்கவில்லை. ரூசே நகரத்தின் அந்தப் பழைய அடுக்குமாடியில், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில், வடக்கு ஜன்னலடியில் வெலிச்காவின் ரோஜாத் தொட்டி நின்றது. காய்ந்த இலைகளைத் திணித்து, உச்சி வரை சாக்கைச் சுற்றி, நவம்பரில் கட்டி வைத்தது. வீட்டுக்குள் சூட்டில் வைத்தால் செடி தூங்காது. பால்கனியில் விட்டால் தொட்டியோடு உறைந்துபோகும். இந்தப் படிக்கட்டுதான் அதற்குச் சரியான படுக்கை.

ஆனால் ஜனவரி முழுக்க வெலிச்காவே நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வியன்னாவிலிருந்து ஓடிவந்த மகன் கலோயன், "இனிமே தனியா இருந்தது போதும், என்கூட வந்துடுங்க" என்று ஒரே பிடியாய் நின்றான்.

அவள் பந்தயம் கட்டினாள். "மார்ச் கடைசியில சாக்கை அவிழ்ப்பேன். ரோஜா துளிர்த்திருந்தா நான் இங்கதான். இல்லேன்னா மூட்டை கட்டறேன்."

இன்றுதான் அந்த நாள். கலோயன் கையில் கத்தரிக்கோல். 

கீழ்வீட்டு மிஞ்சோ விடுவதாக இல்லை. மனைவி போனபிறகு அவருக்குச் சண்டை போட மிச்சமிருந்த ஆள் வெலிச்கா ஒருத்திதான். "குளிர் காலம் பூரா தண்ணி சொட்டி என் வாசல் மிதியடியே நாறிப்போச்சு! புள்ளையோட போய்ச் சேரு, படிக்கட்டாவது சுத்தமாகும்."

"போறேன்யா, போறேன்! அப்புறம் யார்கிட்ட கத்துவ? சுவத்துக்கிட்டயா?" என்றவள் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். "ஒண்ணாந்தேதி நான் கட்டிவிட்ட மார்த்தெனிட்சா எங்க?"

மிஞ்சோ சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "அறுத்து எறிஞ்சுட்டேன். சிவப்பும் வெள்ளையுமா நூலு, இந்த வயசுல!"

வெலிச்காவுக்குச் சுருக்கென்றது. மார்ச் பிறந்தால் ஊரே கையில் கட்டுகிற கயிறு அது. வசந்தத்தின் முதல் துளிரைக் கண்ணால் கண்டபிறகு, அந்தக் கிளையிலேயே அதைக் கட்டி, மனசுக்குள் ஒன்று வேண்டிக்கொள்ள வேண்டும். அறுத்து எறிகிற சாமானா அது? அதுவும் மிஞ்சோவுடையதில் மட்டும் அவள் ஒரு நீல மணி வேறு கோத்திருந்தாள்.

"வெட்டுடா கலோயன்!"

சணல் அறுந்தது. சாக்கு சரிந்தது. வெலிச்கா காய்ந்த இலைகளை இரண்டு கையாலும் வாரி எறிந்தாள். விரல் மண்ணில் பட்டது. ஈரம்! ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லையே!

"அம்மா, இங்க பாருங்க!"

தண்டில் நகக்கண் அளவுக்குச் செக்கச்சிவந்த ஒரு துளிர்.

"இதோ இன்னொண்ணு! அடேய், இந்தப் பக்கமும்டா!" வெலிச்கா மகனைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "உயிரோட இருக்கு! நான் எங்கயும் வரலை, டிக்கெட்டைக் கிழிச்சுப் போடு!"

"சரி, சரி, குதிக்காதீங்க! பந்தயம்னா பந்தயம்தான்" என்று கலோயனும் சிரித்துவிட்டான்.

தன் கைக்கயிற்றைக் கழற்றி, மேலே துளிர்த்திருந்த கிளையில் கட்டப் போனவளின் கை அப்படியே நின்றது.

அங்கே ஏற்கெனவே ஒரு கயிறு இருந்தது. சிவப்பு, வெள்ளை, நடுவில் ஒரு நீல மணி.

மிஞ்சோ அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.

"ஓய் மிஞ்சோ, நில்லு! அறுத்து எறியறதுக்கு முன்னாடி என்னய்யா வேண்டிக்கிட்ட?"