எதிர்முனை ஹெல்மெட்

கிரிக்கெட் ஆடுவதை நிறுத்திப் பயிற்சியாளராகிப் பதினேழு நாள் ஆகியும் ஜெசிந்தா யாரையும் நேராக அடிக்க விடவில்லை. தினமும் காலையில் எதிர்முனை ஸ்டம்பின்மேல் ஒரு பழைய ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைப்பாள். நாளை அணித் தேர்வு. நிலோஃபருக்கு நன்றாக வந்த ஒரே ஷாட், பந்தை நேராக அடிக்கும் ஸ்ட்ரெய்ட் டிரைவ்தான். பொறுக்கமாட்டாமல் அடித்துவிட்டாள். பந்து ஹெல்மெட்டைத் தட்டிவிட்டது. ஜெசிந்தா ஓடிப்போய் மண்டியிட்டு, அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“ஹெல்மெட்டுக்கு வலிக்குதா மேடம்?” என்று ஒருத்தி சிரித்தாள்.

நிலோஃபர் சிரிக்கவில்லை. “இந்த ஷாட்டையும் அடிக்காதேன்னா நாளைக்கு நான் எதை அடிக்கிறது?”

ஜெசிந்தா ஹெல்மெட்டுக்குள் விரல்களை விட்டுத் துழாவினாள்.

“என்கூட ஆடுன கோமதியோடது இது. வேர்க்குதுன்னு கழட்டி வெச்சிட்டு எதிர்முனையில நின்னா. நான் நேரா அடிச்சேன். அவ எந்திரிக்கவே இல்லடி.”