ஊஞ்சல் பலகையின் அடிப்பக்கம்

பெட்டியில் கிடந்த, மரத்தில் துளை போடும் டிரில் பிட்டுகளில் முறுக்கனைத்தான் ஆசாரி பொறுக்கி எடுத்தார். ஊஞ்சல் சங்கிலியின் கம்பி நுழைய அவன் பருமன்தான் சரியாக இருந்தது. முறுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. டிரில்லில் மாட்டியதும் தேக்குப் பலகையின் மூலையில் மூக்கை ஊன்றினான். மரத்தைச் சுருள் சுருளாக வெளியே தள்ளிக்கொண்டு ஒரே மூச்சில் மறுபக்கம் போய்த்தான் நின்றான்.

பலகை கிரீச்சென்றது.

'பலகை அக்காவுக்கு என் வேலை பிடித்துவிட்டது' என்று பூரித்துப்போய், மற்ற மூலைகளில் இன்னும் வேகமாகச் சுற்றினான். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு ஓட்டையும் வட்டம் பிசகாமல் இருந்தது.

ஊஞ்சலைத் தொங்கவிட்ட பிறகு, கீழே திறந்து கிடந்த பெட்டியிலிருந்து அண்ணாந்து பார்த்தான். பலகையின் அடிப்பக்கம், ஓட்டைகளைச் சுற்றிச் சிலும்பு சிலும்பாகப் பிய்ந்திருந்தது.

"ஐயோ, யாரு அக்கா இப்படிப் பண்ணினது?"

"நீதான் தம்பி."

"நானா? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே. மூக்கு எட்டிப் பார்த்ததும் நின்னுடு, திரும்பிப் போய் அடிப்பக்கத்திலிருந்து மீதியைக் குடைன்னு ஒவ்வொரு தடவையும் கிரீச்சுன்னு கத்தினேன்."



அப்போது யாரோ ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தார்கள். பலகை மறுபடியும் கிரீச்சென்றது. இந்த முறை என்ன சொல்கிறது என்று முறுக்கன் காதைத் தீட்டிக்கொண்டான்.

அதற்குள் ஆசாரி பெட்டியை மூடிவிட்டார்.