அழுத்தாத கட்டை

இரவு பன்னிரண்டு மணிக்குள் இசையை அனுப்பாவிட்டால் லூசிலுக்கு அந்த விளம்பர வேலை போய்விடும். டெட்ராய்ட் வீட்டின் சமையலறை மேசையில், கீபோர்டை, வாசிக்கும் சுரங்களைத் திரையில் காட்டும் மிடி பெட்டி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார்கள். அவள் வலது கையின் ஐந்து விரலால் வாசித்தாள். கணவன் டெரன்ஸ் திரையைப் பார்த்தான்.

“ஆறு சுரம் விழுதே, உனக்கென்ன ஆறு விரலா?”

“வயர் கோளாறுய்யா. மாத்து.”

மாற்றினான். அப்போதும் ஆறு. கையை எடுத்தாள். திரையில் ஐந்து அணைந்தன, ஒன்று மட்டும் அணையவில்லை.

“வயரையே பிடுங்கிட்டேன். போயிடுச்சு பாரு.”

“திரையில போயிடுச்சு. இங்க பாரு.”

கீபோர்டின் இடது கோடியில், யாரும் தொடாத கட்டை அழுந்தியே இருந்தது. அது மெல்ல எழ, அதற்கு வலப்பக்கக் கட்டை அழுந்தியது. பிறகு அதற்கடுத்தது.

“மணி என்ன?”

“பதினொன்னு அம்பது. லூசில், வேணாம்.”

“வயரை மாட்டு.”

அவள் கையைப் பழைய இடத்தில் வைத்தாள். அழுந்திய கட்டைக்கும் அவள் கட்டைவிரலுக்கும் நடுவே இன்னும் நான்கு கட்டைகள் இருந்தன.